படர்தாமரை மீண்டும் மீண்டும் வருவது ஏன்?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளில், அது முடிச்சூரானாலும் சரி, அகரம்தென், வேங்கைவாசல், மதுரப்பாக்கம் ஆனாலும் சரி, கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் யாரேனும் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து நிற்பதுண்டு. மழைநீர்க் கால்வாயைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் பேசிய அதே மனிதர், இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்தப் படர்தாமரை போகவே மாட்டேன் என்கிறது, ஐயா. களிம்பு போட்டால் மறைகிறது, விட்டால் திரும்பி வந்துவிடுகிறது” என்பார். அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் திரும்பி வருவதற்கான காரணத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அவர் போட்ட களிம்பு எது, எத்தனை நாள் போட்டார், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் எஞ்சிய பகுதியும் வெளிப்பட்டுவிடும்.

நான் வைத்தியன் அல்லேன். ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர்களிடம் கேட்டும், தோல் நோய் நிபுணர்கள் வெளியிட்டுள்ள நெறிமுறைகளைப் படித்தும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகிறேன். உயிருக்கு ஆபத்தில்லாத வியாதி என்று இதை அலட்சியம் செய்வது பெருந்தவறு. இரவெல்லாம் சொறிந்து தூக்கமிழந்தவன் மறுநாள் ஏர் பிடிப்பதும் சாரம் ஏறுவதும் எங்ஙனம்? பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தனியே உட்காரவைக்கப்படுவதையும், மணப்பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பெண் கோடையிலும் முழுக்கை ரவிக்கையுடன் ஒதுங்கி நிற்பதையும் நாம் காணாமலில்லை.

வியாதியின் இயல்பு

படர்தாமரை இரத்தம் கெட்டதனால் வருவதன்று. உடம்பின் உஷ்ணத்தால் பொங்கி வருவதுமன்று. கத்தரிக்காயும் கருவாடும் தின்றதன் விளைவுமன்று. மழைக்காலத்தில் தோல் செருப்பின் மேலும் பழைய ரொட்டியின் மேலும் படர்கிறதே பூசணம், அந்த இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் நம் தோலின் மேற்படலத்தில் குடியேறுவதே இந்நோய். தோல், மயிர், நகம் ஆகிய மூன்றிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே அதற்கு உணவு. ஒருவகைத் தலைப்புண்ணின் பொருக்கில் இத்தகைய பூசணம் இருப்பதை 1841-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து வைத்தியர் டேவிட் க்ரூபி என்பவர் நுண்பெருக்கிக் கண்ணாடியின் வாயிலாகக் கண்டு கூறினார். காசம், வாந்திபேதி ஆகியவற்றின் கிருமிகளை ராபர்ட் கோக் நிறுவிக்காட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட உண்மை இது என்பது கவனிக்கத்தக்கது.

ஓரிடத்தில் இறங்கிய பூசணம் அங்கிருந்து நாற்புறமும் வெளிநோக்கி வளர்கிறது. உடல் தன் எதிர்ப்புச் சக்தியால் நடுப்பகுதியைத் தணித்துக்கொண்டே வர, ஓரம் மட்டும் சிவந்து தடித்துச் செதிலும் அரிப்புமாக நிற்கிறது. இதனால்தான் அது வளையமாகத் தோன்றுகிறது. ஆங்கில மக்கள் இதற்கு வளையப்புழு என்று பொருள்படும் பெயரை இட்டனர். உள்ளே புழு எதுவும் கிடையாது. குளத்தில் இலை விரிந்து பரவும் தாமரையை நினைவூட்டும் நம் பெயரே உண்மைக்கு அருகில் இருக்கிறது. வளையத்தின் ஓரத்திலேயே பூசணம் மும்முரமாக வளர்கிறது என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது இது பயன்படும்.

நம் பக்கத்தில் இவ்வளவு மிகுந்திருப்பதேன்?

பூசணத்திற்கு வேண்டியவை ஈரமும் வெப்பமும். கடலுக்கு அணித்தேயுள்ள நம் பகுதியில் ஆண்டு முழுவதும் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணி உலர்வதே அரிதாகிவிடும். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. நனைந்த உடையை மாற்றிக்கொள்ள மறு உடை இல்லாமல் நாட்களைக் கழித்தவர்களுக்கு ஈரம் தோலை என்ன செய்யும் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மழையும் வியர்வையும் நம் பாட்டனார் காலத்திலும் இருந்தனவே என்று கேட்கலாம். அவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டித் திறந்த மேனியுடன் வயலில் நின்றார்கள். காற்றுப்பட்டு வியர்வை உலர்ந்தது. இன்று அவ்வயல்களில் பல வீட்டுமனைகளாகிவிட்டன. அவர்களுடைய பேரன்மார் பாலியஸ்டர் சீருடையும் தோல் காலணியும் அணிந்து, பன்னிரண்டு மணி நேரம் காவல் வேலையிலும் தொழிற்சாலையிலும் நிற்கிறார்கள். இறுக்கமான கால்சட்டையுடன் இருசக்கர வண்டியில் வெயிலில் அலைகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து ஒரே அறையில் எட்டுப்பேர், பத்துப்பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்களிடையே ஒரு துண்டு பலரைத் துடைக்கிறது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவின் கீழ் வியர்வை தேங்குகிறது.

அரைஞாண் கயிற்றை இங்குத் தனியாகக் குறிப்பிட வேண்டும். குளிக்கும்போது நனைந்து, நாளெல்லாம் ஈரமாகவே இடுப்பைச் சுற்றிக் கிடக்கும் அக்கயிற்றில் நோயுற்ற தோலின் செதில்கள் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். மருந்தினால் தோல் குணமடைந்த பிறகும் கயிறு அந்நோயைத் திரும்பத் தரும். சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றி வைப்பது நலம். மனம் ஒப்பாதவர் அடிக்கடி புதுக்கயிறு மாற்றிக்கொள்ளலாம். கையிலும் கழுத்திலும் கட்டிய மந்திரித்த கயிறுகளுக்கும் இது பொருந்தும். அக்காலத்து ஆங்கிலேயர் தமக்குத் தொடையிடுக்கில் வந்த இந்நோய்க்கு ‘தோபி அரிப்பு’ என்று பெயர் வைத்து, துணி வெளுத்த ஏழையின் மேல் பழியைப் போட்டனர். துணியின் வழியாக நோய் பரவும் என்பது மெய். ஆனால் வெள்ளாவியில் வெந்து வெயிலில் காய்ந்த துணியில் பூசணம் பிழைப்பது கடினம். பழி சேரவேண்டிய இடம் வேறு.

களிம்புக் குழாயின் கதை

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். அரிப்பு என்றதும் பெரும்பாலோர் மருந்துக்கடைக்குச் சென்று “தாமரைக்குக் களிம்பு கொடுங்கள்” என்று கேட்கின்றனர். கடைக்காரர் எடுத்துத் தரும் சிறு குழாய்களில் பல, மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாய்க் கலந்தவை. பூசணத்தைக் கொல்லும் மருந்து ஒன்று. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஒன்று. இவற்றுடன் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று. இந்த ஸ்டீராய்டுதான் மாயவித்தை செய்வது. தடவிய இரண்டொரு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், தடிப்பு தணியும். நோயாளி மகிழ்ந்து களிம்பை நிறுத்திவிடுவார்.

உண்மையில் நடந்தது என்ன? அரிப்பும் சிவப்பும் பூசணத்தை எதிர்த்து உடல் செய்யும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அப்போரை நிறுத்திவிடுகிறது. கள்வன் புகுந்த வீட்டில் குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு, இப்போது வீடு அமைதியாயிருக்கிறது என்று படுத்துறங்குவதற்கு இது ஒப்பாகும். எதிர்ப்பில்லாத தோலில் பூசணம் தாராளமாகப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிய பரப்பில், வளைய உருவமே இல்லாமல், வைத்தியர்களும் அடையாளம் காணத் திணறும் தோற்றத்தில் அது வெளிப்படுகிறது. இவ்வாறு உருமாறி மறைந்திருக்கும் படர்தாமரைக்கு இங்கிலாந்து வைத்தியர் இருவர் 1968-இலேயே ஒரு தனிப்பெயர் சூட்டி எச்சரித்தனர்.

நான் பணிபுரிந்த ஒரு கிராமத்தில் கீரை பயிரிடும் விவசாயி ஒருவருடைய குடும்பத்தை அறிவேன். முதலில் அவருக்கு இடுப்பில் ஒரு வளையம் தோன்றியது. கடையில் வாங்கிய களிம்பால் மறைந்தது. ஒரு மாதத்தில் இரண்டாக வந்தது. பிறகு மனைவிக்கு, பிறகு பத்து வயது மகனுக்கு, கடைசியில் மாமியாருக்கு. ஒவ்வொருவரும் தமக்கு அரித்தபோது அதே குழாயிலிருந்து எடுத்துத் தடவிக்கொண்டனர். இரண்டாண்டுகள் இப்படியே சென்றன. வாங்கிய குழாய்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு விதைப்புச் செலவு ஆகும் என்று அவரே சொன்னார். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. அவருடைய மனைவிக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோல் சிவந்த கோடுகள் விழுந்துவிட்டன. பிற்பாடு படர்தாமரை குணமாயிற்று, அக்கோடுகள் மாறவில்லை. நீண்டநாள் ஸ்டீராய்டு தடவிய தோலில் விழும் அத்தழும்புகள் முற்றிலும் மறைவதில்லை என்று வைத்தியர் கூறினார்.

சட்டம் சும்மா இருந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடைசெய்தது. டில்லி உயர்நீதிமன்றம் அத்தடையை அவ்வாண்டு டிசம்பரில் ரத்து செய்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, மறுபரிசீலனைக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கலவை மருந்துகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. தோலில் தடவும் கலவைகள் சிலவும் அவற்றுள் அடக்கம். 2018 மார்ச்சிலேயே 14 வகை ஸ்டீராய்டுத் தடவு மருந்துகள், வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் இத்தகைய களிம்புகளின் துஷ்பிரயோகத்தைத் தடுக்க ஒரு தனிப் பணிக்குழு அமைத்துப் பிரசாரம் செய்து வருகிறது. இருந்தும், சீட்டு கேட்காத கடையும் சீட்டு இல்லாத வாடிக்கையாளரும் உள்ளவரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

பூசணமும் மாறிவிட்டது

ஏறத்தாழ 2014-ஆம் ஆண்டு முதல் நாடெங்குமுள்ள தோல் மருத்துவர்கள் ஒரு மாறுதலைக் கவனிக்கலாயினர். முன்பு சில வாரங்களில் தீர்ந்த நோய், இப்போது மாதக்கணக்கில் நீடித்தது. முகம், முதுகு, கை என்று பரவியது. வழக்கமான மருந்துக்கு அசையவில்லை. ஆராய்ந்தபோது, முன்பு அதிகமாகக் காணப்பட்ட பூசண வகையின் இடத்தை வேறொன்று பிடித்திருந்தது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டனர். பெயரிலேயே நம் நாட்டின் அடையாளம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது பெருமைப்படத்தக்க செய்தியன்று. டெர்பினாஃபின் என்ற மருந்து பூசணத்தின் எந்த உறுப்பைத் தாக்குமோ அந்த உறுப்பையே இவ்வகையில் பல மாற்றியமைத்துக் கொண்டுள்ளன. ஆதலால் அம்மருந்து பலருக்குப் பயனளிப்பதில்லை. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்திலும் இந்நோய் இருவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது.

பூச்சிமருந்தை அளவு குறைத்தும் இடைவிட்டும் தெளித்தால் பூச்சிகளுள் வலியவை தப்பிப் பெருகுவதை விவசாயிகள் வயலில் பார்த்திருக்கிறார்கள். அரைகுறைச் சிகிச்சையால் தோலிலும் அதுவே நிகழக்கூடும்.

முறையான சிகிச்சை

முதற்படி, நோய் இன்னதென்று உறுதி செய்தல். வளையத்தின் ஓரத்திலுள்ள செதிலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பூசணத்தின் இழைகள் தெரியும். வலியில்லாத, செலவு மிகக் குறைந்த சோதனை இது. களிம்பு தடவியிருந்தால் அதன் பெயரை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது.

நோய் சிறிய இடத்தில், புதிதாக வந்திருந்தால், ஸ்டீராய்டு கலவாத தனிப் பூசணக்கொல்லிக் களிம்பே பெரும்பாலும் போதும். அதை நாளொன்றுக்கு வைத்தியர் சொன்ன தடவை பூச வேண்டும். வளையத்தின் நடுவில் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தையும் தாண்டி இரண்டு சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு விரற்கடை தூரம் வரையில் பூச வேண்டும். பூசணம் வெளிநோக்கி வளர்வது என்று மேலே கூறியதன் பயன் இதுவே. அடையாளம் முழுவதும் மறைந்த பிறகும் இன்னும் இரண்டு வாரம் நிறுத்தாமல் பூசி வர வேண்டும். தோலின் மேற்படலம் முழுவதும் உதிர்ந்து புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதற்கு முன் நிறுத்தினால் பழைய படலத்தில் எஞ்சியுள்ள பூசணம் மறுபடியும் தலையெடுக்கும். நாட்டில் திரும்பி வரும் நோய்களுள் எத்தனையோ, உண்மையில் திரும்பி வந்தவையல்ல, போகாமலே இருந்தவை.

நோய் பரந்திருந்தால், திரும்பத் திரும்ப வந்திருந்தால், அல்லது தலைமயிரிலும் நகத்திலும் இருந்தால் உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும். குழந்தைகளின் தலையில் மயிர் உதிர்ந்து வட்டமாகத் தோன்றும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் பயன்தராது. அது மயிரின் வேருக்குள் இறங்குவதில்லை. 1939-இல் ஒரு பூசணத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டு, 1950-களின் இறுதியில் மனிதருக்குப் பயன்படத் தொடங்கிய கிரைசியோஃபுல்வின் இன்றும் அதற்கு உதவுகிறது. பெரியவர்களுக்கு இட்ராகனசோல் போன்ற மருந்துகளை வைத்தியர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுப்பார். இட்ராகனசோல் குளிகையை வயிறார உண்ட பிறகே விழுங்க வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையுடன் சேர்த்துக்கொண்டால் உடம்பில் ஏறாது. இருதயப் பலவீனம் உடையோர், ஈரல் நோயுடையோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் அதை வைத்தியருக்குத் தெரியாமல் உட்கொள்வது ஆபத்து. அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையைக் கடன் வாங்குவது அறவே கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு நோய் எளிதில் அடங்காது; அடிக்கடி வருமானால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவது பழைய வழக்கம். பூசணத்தைத் தடுக்கும் சத்து அதில் உண்டு என்பது மெய்யே. ஆனால் பரந்துவிட்ட நோய்க்கு அதை மட்டும் நம்பிக் காலம் கடத்தலாகாது. சித்த முறையை விரும்புவோர்க்குத் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. அங்கே சென்று காட்டட்டும். மண்ணெண்ணெய், பேட்டரித் திராவகம், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவித் தோலைப் பொசுக்கிக்கொள்வது எந்த முறையிலும் சேர்ந்ததன்று.

துணியும் தொழுவமும்

உதிரும் தோல் செதில்களில் பூசண வித்துகள் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். ஆகவே நோயாளியின் துணியைத் தனியே துவைக்க வேண்டும். கொதிக்கக் காய்ச்சிய நீரில் ஊறவைத்தல் சிறந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நேர் வெயிலில் காயப்போடுதலும், மழை நாளில் இஸ்திரிப் பெட்டியால் சுட்டுத் தேய்த்தலும் நல்ல பலன் தரும். பெண்கள் உள்ளாடையை வெட்கத்தால் கதவுக்குப் பின்னும் வேறு துணிக்கு அடியிலும் உலர்த்துகின்றனர், அது உலர்வதேயில்லை. துண்டு, சோப்பு, பாய், போர்வை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். குளித்தபின் தொடையிடுக்கும் கால் விரலிடுக்கும் நன்றாகத் துவட்டப்பட வேண்டும்.

வீட்டில் நோயுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற வேண்டும் என்பதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். மேலே சொன்ன கீரை விவசாயியின் குடும்பம் குணமடைந்தது புதுமருந்தினால் மட்டுமன்று. நால்வரும் ஒரே நாளில் வைத்தியரிடம் சென்று, ஒரே நாளில் தொடங்கி, அவர் நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்தியதனால்தான்.

கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்காக வட்டமிடுவதும் ஒருவகைப் படர்தாமரையே. அது பால் கறப்பவர் கைக்கும் தாவும். அத்தகைய கன்றைத் தனியே கட்டி, கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்; தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வேறு நோயோடு மயங்கலாகாது

தோலில் தோன்றும் திட்டெல்லாம் படர்தாமரையன்று. மார்பிலும் முதுகிலும் வெளுத்தோ பழுத்தோ படரும் தேமல், எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் வேறொரு பூசணத்தின் வேலை. அது எளிதில் ஒட்டுவதில்லை. நடவு நடும் பெண்களுக்குக் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் பூசணத்தோடு பாக்டீரியாவும் சேர்ந்திருப்பதுண்டு. கால் வீங்கிக் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, வெளுத்த அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால் தொட்டால், தொட்டது தெரிகிறதா? அரிப்பும் இல்லை, தொட்டதும் தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். அதற்கும் பூரண குணமளிக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையம் நடைபெறுவதை நம் பகுதியினர் பலர் இன்னும் அறியார்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

பஞ்சாயத்து மருந்து கொடுக்க முடியாது; ஆனால் ஊரைக் கூட்ட முடியும். கிராம சபைக்கு ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை ஒரு மணி நேரம் அழைக்கலாம். சீட்டின்றி ஸ்டீராய்டுக் களிம்பு விற்கும் கடையை மருந்து ஆய்வாளரின் கவனத்திற்குக் கொண்டுவரலாம்; அதற்கு முன் கடைக்காரரையே கூட்டத்திற்கு வரவழைத்துப் பேசுவது இன்னும் நல்லது, ஏனெனில் அவரும் ஊர்க்காரரே. தொழிலாளர் தங்கும் கட்டடங்களில் துணி துவைக்கப் போதிய நீரும், உலர்த்த மொட்டைமாடியில் கொடியும் உண்டா என்று அங்கத்தினர்கள் நேரில் சென்று பார்க்கலாம்.

இடுப்பிலும் தொடையிலும் உள்ள நோயைப் பெண்கள் சபையில் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கெனக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு அங்கன்வாடியில் ஒரு பிற்பகலைத் தனியே ஒதுக்க வேண்டும். எந்த முகாமுக்கு வருவோரும், தாம் இதுவரை தடவிய களிம்புகளின் காலிக் குழாய்களையும் மாத்திரை அட்டைகளையும் வீட்டில் உள்ளவையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது. நோயாளிக்கு மருந்தின் பெயர் நினைவிராது; குழாயின் மேல் அச்சிட்டிருக்கும்.